த. எழிலரசி

ஆங்கிலத்தில் T தனி, D தனி. தமிழில் இரண்டுக்கும் ‘த’ ஒன்றுதான். தங்கராசு மகளுக்கும் இனிஷியல் த, தனபால் மகளுக்கும் இனிஷியல் த. குறைந்த எழுத்தில் நிறைந்த ஒலி என்று தமிழய்யாக்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன்.

என் பெயர் கண்ணாயிரம். கடலூரில் ஒரு கல்வி அலுவலகத்தில் உதவியாளராக இருந்து, கண்காணிப்பாளராகி ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவனுக்கு வாய் ஓரளவுக்குத்தான் நீளலாம். ஆயிரம் கண் இருக்கட்டும் என்று அப்பா வைத்த பெயர். இருந்த இரண்டையும் வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்ளத் தெரிந்ததால்தான் முப்பத்தோரு வருஷம் கடலூரை விட்டு நகராமல் காலம் தள்ளினேன்.

ஆட்சி மாறினால் எங்கள் அலுவலகத்தில் முதல் வேலை மாரியம்மாளுக்குத்தான். அவள் அலுவலக உதவியாளர். ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி இரும்பு பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பாள். பிறகு அங்கே ஏற்கனவே சாய்ந்திருக்கும் இன்னொரு படத்தை எடுத்துப் பிரித்து மாட்டுவாள். 2006 மே மாதமும் அப்படித்தான் செய்தாள்.

“அதத் தூக்கிப் போட வேண்டியதுதானே மாரியம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அஞ்சு வருஷத்துல வேணும்ல சார். கண்ணாடி ஒடஞ்சா யாரு வாங்கியாறது?” என்றாள்.

எம்.ஏ., எம்.எட். படித்த எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். நிர்வாகம் என்றால் என்ன என்று மாரியம்மாள் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் யாரும் இல்லை.

படம் மாறிய பத்தாம் நாள் லிஸ்ட் வரும். அதுவும் வழக்கம்தான். ஜெயித்த கட்சியின் ஒன்றியச் செயலாளரை எங்கள் பக்கம் ‘ஒன்றியம்’ என்றே சொல்வோம். ஒன்றியம் வந்திருக்கு, ஒன்றியம் கோவமா இருக்கு, ஒன்றியத்துக்கு டீ சொல்லு. அந்த முறை ஒன்றியம் அன்பரசு. நேராக அதிகாரி அறைக்குள் போய், உட்காராமலே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தலைப்பு இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை. பதினான்கு பேர். போன ஆட்சியில் ஆட்டம் போட்ட வாத்தியார்கள், டீச்சர்கள்.

“பதினாலு பேரும் நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள தண்ணியில்லாக் காட்டுல இருக்கணும்” என்றார்.

எங்கள் அதிகாரி அந்தத் தாளைக் கோயில் விபூதி வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் தந்தார். ஒன்பதாவது பெயர்: த. எழிலரசி, டீச்சர், சிதம்பரம் பக்கம். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

எங்கள் பணிமூப்புப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும், எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டில் உள்ளபடி. பக்கம் புரட்டிப் பார்த்தேன். T. எழிலரசி ஒருவர், தங்கராசு மகள், அண்ணாமலை நகரை ஒட்டிய யூனியன் பள்ளியில். D. எழிலரசி ஒருவர், தனபால் மகள், பரங்கிப்பேட்டை ரோட்டில் ஒரு யூனியன் பள்ளியில். இரண்டு பேரும் இடைநிலை ஆசிரியர்கள். தமிழில் எழுதினால் இரண்டு பேரும் த. எழிலரசி.

இதைத் தவறு என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். எங்கள் அதிகாரியே, “ஆள் மாறிப்போச்சு கண்ணாயிரம், மனுஷனுக்கு நடக்கறதுதான்” என்று சமாதானம் சொன்னார். தவறு என்றால் தெரியாமல் செய்வது. ஒன்றியம் எந்த எழிலரசியைச் சொல்கிறார் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. தனபால் மகளைத்தான் சொல்கிறார். அவள் புருஷன் கதிரவன் தோற்றுப்போன கட்சியில் கிளைச் செயலாளர். தேர்தலுக்கு மைக் பிடித்து அன்பரசுவின் வீட்டுப் பெண்கள் வரைக்கும் இழுத்துப் பேசியவன்.

அந்தக் கதிரவனை எனக்கு வேறு விதத்திலும் தெரியும். 2004-ல், பெண்டாட்டியின் இன்கிரிமென்ட் ஒரு மாதம் தள்ளிப்போனதற்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, செக்ஷன் கிளார்க்கைச் சட்டைக் காலரோடு பிடித்து மாடிப்படி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். அந்தக் கிளார்க் நான்தான். மூன்று பட்டன் தெறித்தது. மாரியம்மாள்தான் பொறுக்கிக் கொடுத்தாள்.

ஆட்சி ஐந்து வருஷம், கதிரவன் ஆயுசுக்கும். அவன் பெண்டாட்டியைத் தூக்கினால் அவன் கை மறுபடி என் காலருக்குத்தான் வரும். தங்கராசு மகளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அவளுடைய பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு விளக்கக் கடிதம் இல்லை, ஒரு மெமோ இல்லை, ஒரு சிபாரிசு இல்லை. சிவப்பு மையே படாத பதிவேடு. இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் நாதி கிடையாது. ஒன்றியம் ஆணையில் த. எழிலரசி என்று இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். பள்ளிக்கூடத்தின் பெயரை அவர் எங்கே படிக்கப் போகிறார்?

தங்கராசு மகளின் பள்ளியைப் போட்டு ஆணையை அடித்து முடித்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

காரணம் என்ற இடத்தில் எப்போதும் போடுவதைத்தான் போட்டேன்: ‘நிர்வாக நலன் கருதி’. இதைவிட அழகான சொல்லை எந்தப் புலவனும் கட்டவில்லை. குற்றம் சொன்னால் விசாரணை வேண்டும், விசாரணை என்றால் பதில் வேண்டும். நலன் கருதி என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. மாவட்டத்தின் மேற்குக் கோடியில், திட்டக்குடியும் தாண்டி, மேலக்கல்லேரி என்ற ஊரில் காலியிடம் இருந்தது. அங்கே தூக்கிப் போட்டேன். அண்ணாமலை நகர் நாற்காலி அன்பரசுவின் மச்சினிக்குப் போனது. அந்த மச்சினி டீச்சர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தார். அந்தக் கிளாஸ் பிள்ளைகள் அந்த வருஷம் என்ன படித்தார்கள் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

மூன்றாம் நாள் தங்கராசு மகள் வந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். காட்டன் புடவை, கையில் ஆணை, இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. குழந்தையின் மார்பில் ஒரு சின்னத் துணிப்பை, அதில் தீப்பெட்டி அளவு மிஷின், அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர்.

“சார், நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“தப்புன்னு யாரும்மா சொன்னது? நிர்வாக நலன்.”

“எனக்கு எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல சார். பாப்பாவுக்குத்தான்” என்று ஆரம்பித்தாள். குழந்தைக்குப் பெயர் வெண்மதி. பிறவியிலேயே காது கேட்காது. சிதம்பரத்தில் காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே ஆரோக்கியம்மாள் என்கிற டீச்சர் தினமும் நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் பேச்சு சொல்லிக் கொடுக்கிறார். தாயும் கூட உட்கார வேண்டும், அது அங்கே சட்டம். வீட்டில் மீதி நேரமெல்லாம் தாய்தானே பேசிப் பேசிப் பழக்க வேண்டும்? இவள் புருஷன் மஸ்கட்டில். அப்பாவுக்கு வயசாகிவிட்டது.

“அஞ்சு வயசுக்குள்ள சத்தம் பழகிடணுமாம் சார். அதுக்கு மேல எவ்ளோ பெரிய மிஷின் மாட்டுனாலும் மண்ட எடுத்துக்காதாம். இப்பத்தான் ஆறு மாசமா போறோம். நாலு சத்தம் வந்துருச்சு. பா சொல்லுவா, மா சொல்லுவா. ரெண்டே ரெண்டு வருஷம் என்னை அங்கயே வுட்டுடுங்க. அதுக்கப்புறம் நீங்க எங்க போடுறீங்களோ அங்க போறேன்.”

இரண்டு வருஷம். அவள் கேட்டது அவ்வளவுதான். இப்படிக் கணக்காகக் கேட்கிறவர்களிடம்தான் எனக்கு எரிச்சல் வரும். அழுது புரண்டால் துரத்திவிடலாம்.

குழந்தை இதற்குள் இடுப்பிலிருந்து இறங்கி, என் மேசையைச் சுற்றி வந்து, என் நாற்காலிக் கட்டையில் கால் வைத்து ஏறிக்கொண்டது. ஏறியது எதற்கு என்று தெரிவதற்குள் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துவிட்டது.

“பயப்படாதீங்க சார்” என்று அவசரமாகச் சொன்னாள் தாய். “யாராச்சும் பேசுனா தொண்டையத் தொட்டுப் பாப்பா. ப்-ன்னா தொண்ட சும்மா இருக்கும், ம்-ன்னா அதிரும். கைய வச்சுத்தான் கத்துக்குறா.”

சின்னக் கை. கொஞ்சம் பிசுபிசுப்பு. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என் பேரு ஏதோ லிஸ்ட்டுல இருந்துச்சுன்னு சொல்றாங்களே சார்” என்றாள். “நான் எந்தக் கட்சிக்கும் போனதில்ல. லிஸ்ட்டக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

“லிஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாதும்மா” என்றேன்.

குழந்தை சிரித்தது. என் தொண்டை அதிர்ந்தது அதற்குப் பிடித்துவிட்டது. ‘ம்மா’ என்று திருப்பிச் சொன்னது. நான் சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சத்தம். தாயின் முகம் மலர்ந்துபோனது. தன் மாறுதலை மறந்து, “பாத்தீங்களா சார், பாத்தீங்களா!” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மணி ஒன்றரை ஆகியிருந்ததால் பசி அதைவிட ஜாஸ்தியாக இருந்தது. மறுநாளே போய்ச் சேராவிட்டால் சம்பளம் நிற்கும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அவர்கள் போன பிறகு கழுத்தில் கையை வைத்து, தங்கராசு என்று சொல்லிப் பார்த்தேன். தனபால் என்று சொல்லிப் பார்த்தேன். தனபாலின் ‘த’ கைக்குத் தெரிகிறது. தங்கராசின் ‘த’ தெரியவில்லை. மூன்று வயசுக் குழந்தை கையை வைத்துக் கண்டுபிடித்துவிடும் வித்தியாசம். மாரியம்மாள் டீ கொண்டுவந்து வைத்தவள், “தொண்டை வலியா சார்?” என்றாள்.

தங்கராசு மகள் மேலக்கல்லேரியில் போய்ச் சேர்ந்தாள். முதல் மூன்று மாதம் சிதம்பரத்திலிருந்தே போய் வந்தாள். விருத்தாசலம் ஒரு பஸ், திட்டக்குடி ஒரு பஸ், அங்கிருந்து மினி பஸ். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். வீடு வந்து சேரும்போது பயிற்சி மையம் பூட்டியிருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வாத்தியார் இருந்தார், பேப்பரில். மாற்றுப்பணி என்று கடலூரில் சங்க வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வகுப்பு, எழுபத்தோரு பிள்ளைகள், இவள் ஒருத்தி.

செப்டம்பரில் மறுபடி அலுவலகத்துக்கு வந்தாள். அதற்குள் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இன்னொரு த. எழிலரசி இருப்பதும், லிஸ்ட் யாரைச் சொன்னது என்பதும். அவளுடைய நேரம், அன்றைக்கு ஒன்றியமும் வந்திருந்தார். கூடவே சால்வை போட்டுக்கொண்டு கதிரவன். ஆமாம், கதிரவனேதான். காற்றடித்த பக்கம் சாய்ந்து, ஆகஸ்ட்டிலேயே அன்பரசுவின் கட்சியில் சேர்ந்துவிட்டான். மைக்கில் பேசினதையெல்லாம் அன்பரசு மறந்துவிட்டார், சேரும்போது அவன் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்ததால்.

தங்கராசு மகள் நேராக அன்பரசுவின் முன்னால் போய் நின்றாள். “ஐயா, நீங்க சொன்ன எழிலரசி நான் இல்ல. நான் தங்கராசு மக. ஆள் மாத்திப் போட்டுட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

அன்பரசு அவளைப் பார்த்தார். கதிரவனைப் பார்த்தார். கதிரவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. கூச்சமே இல்லாமல் சிரித்தான்.

“தபாரும்மா” என்றார் அன்பரசு. பொறுமையாகத்தான் சொன்னார், அந்த மனிதருக்குக் கெட்ட குணம் என்று சொல்ல முடியாது. “தப்பாத் தூக்கிட்டாங்கன்னு நான் இப்ப சொன்னா, லிஸ்ட்டு குடுத்தது நான்னு ஆயிடும். லிஸ்ட்டே கெடையாதே. இல்லாத லிஸ்ட்டுல தப்பு எப்புடி இருக்கும்? நீயும் படிச்சவதானே?”

சட்டம் படித்தவனுக்கே அதற்குப் பதில் கிடையாது. அவள் படியிறங்கிப் போனதும் கதிரவன் என் தோளில் கையைப் போட்டான். இரண்டு வருஷம் முன்னால் காலரைப் பிடித்த அதே கை. “மச்சான், ஒன்ன நான் மறக்க மாட்டேன்” என்றான். நல்லவர்கள் நன்றி சொன்னால் அதோடு போய்விடும். இவனைப் போன்றவர்கள் சொன்னால் அது டெபாசிட். எனக்கு அது தெரியும்.

அதன் பிறகு அவள் குழந்தையையும் மேலக்கல்லேரிக்கே கூட்டிக்கொண்டு போய் வாடகைக்கு வீடு பிடித்தாள். சனிக்கிழமை மட்டும் சிதம்பரம் வந்து ஆரோக்கியம்மாள் டீச்சரிடம் உட்காருவாள். மழைக்காலத்தில் மினி பஸ் நின்றால் அதுவும் கிடையாது. குழந்தை வளர்ந்தது, மிஷினைக் காதில் பொருத்தும் அச்சு சின்னதாகிப்போனது, புதிய அச்சு எடுக்க அளவு கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் நாலு சத்தத்தில் இரண்டு போய்விட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மனு எழுதுவாள். வருஷம் ஒரு மனு, மாறுதல் கலந்தாய்வுக்கு முன்னால். அழகான கையெழுத்து, பிழையே இருக்காது. 2007 மனுவில் ‘என் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். 2008 மனுவில் ‘ஐந்து வயது முடிந்தாலும் முயன்றால் கொஞ்சம் வரும் என்கிறார்கள்’. 2009-ல் ‘கருணை கூர்ந்து’. 2010-ல் குழந்தையைப் பற்றி எதுவுமே இல்லை. பெயர், பள்ளி, கோரும் இடம், கையெழுத்து. கலந்தாய்வு நாளில் சிதம்பரம் பக்கத்துக் காலியிடங்களை நாங்கள் பட்டியலில் காட்ட மாட்டோம். அவையெல்லாம் வேண்டியவர்களுக்குப் பிறகு தருவதற்கு. அவள் மதியம் வரைக்கும் ஹாலில் உட்கார்ந்திருந்துவிட்டு, இடமில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துப் போவாள். மனுவின் ஓரத்தில் ‘கோப்பில் சேர்க்க’ என்று எழுதிச் சேர்ப்பேன்.

2011 மே. மாரியம்மாள் ஸ்டூலில் ஏறினாள். பீரோவுக்குப் பின்னாலிருந்த படம் சுவருக்குப் போனது, சுவரிலிருந்தது பீரோவுக்குப் பின்னால் போனது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. “பாத்தீங்களா சார்” என்றாள்.

கதிரவன் பிப்ரவரியிலேயே பழைய கட்சிக்குத் திரும்பியிருந்தான். மூக்கு உள்ளவன், காற்று மாறுவதை முகர்ந்துவிடுவான். ஆனால் இந்தத் தடவை அவனுக்கு ஒரு சிக்கல். ஐந்து வருஷம் அந்தப் பக்கம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவன் என்று இவன் ஆட்களே முணுமுணுத்தார்கள். அப்போது ஓர் அறிவிப்பு வந்தது, போன ஆட்சியில் பழிவாங்கப்பட்ட ஆசிரியர்களின் பட்டியல் எடுக்கிறோம், அவர்களுக்கு நியாயம் செய்கிறோம் என்று. இப்போது ஜெயித்த கட்சியின் புது ஒன்றியம் வாயால் சொன்ன அறிவிப்புதான்.

எனக்கும் ஒரு சிக்கல் இருந்தது. புது லிஸ்ட்டில், தூக்க வேண்டியவர்கள் பக்கத்தில், மூன்றாவது பெயர் கண்ணாயிரம். ‘பழைய ஆளுங்களுக்கு வேண்டியவர்.’ ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. இந்த வயசில் தண்ணியில்லாக் காட்டுக்குப் போனால் நான் என்ன ஆவேன் என்று பஸ் நேரத்தையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

கதிரவன் அலுவலகத்துக்கு வந்தான். “மச்சான்” என்று ஆரம்பித்தான். “நாங்களும் அடிபட்டோம்னு காட்ட ஒரு காயிதம் வேணும். 2006-ல த. எழிலரசிய மேலக்கல்லேரிக்கித் தூக்குன ஆர்டர் ஒண்ணு ஒங்கிட்ட இருக்குமே?”

“அது வேற எழிலரசி” என்றேன்.

“எந்த எழிலரசி? த. எழிலரசிதானே? எம் பொண்டாட்டி பேரு என்னா?” என்று சிரித்தான். பிறகு குரலை இறக்கி, “மூணாவது பேர நான் பாத்தேன் மச்சான். அத அடிச்சிடச் சொல்றேன்” என்றான்.

பீரோவைத் திறந்தேன். ஆணையைப் பிரதி எடுத்து ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தினேன். உண்மைதான், அது உண்மையான நகல்தான். பள்ளிக்கூடத்தின் பெயர் பொருந்தாது. ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டியவனே நான்தான். அவன் இன்னொன்றும் கேட்டான். பாராட்டுக் கூட்டத்தில் பெண்டாட்டி பேச வேண்டுமாம், பட்ட கஷ்டத்தைச் சொல்ல நாலு விவரம் வேண்டுமாம். தங்கராசு மகளின் மனுக்களிலிருந்து குறிப்பு எடுத்துக் கொடுத்தேன். மூன்று பஸ், எழுபத்தோரு பிள்ளைகள், மழையில் நிற்கும் மினி பஸ். குழந்தை விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி உண்டு.

தனபால் மகள் மேடையில் நன்றாகப் பேசினாள். எழுபத்தோரு பிள்ளைகள் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஆணை அடித்தேன்: 2006-ஆம் ஆண்டு ஆணை இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது, திருமதி த. எழிலரசி சிதம்பரத்திலேயே தலைமையாசிரியராகப் பணியமர்த்தப்படுகிறார். லிஸ்ட்டில் மூன்றாவது பெயர் இல்லாமல் போனது. எனக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வும் அந்த மாதமே வந்தது, கடலூரிலேயே.

ஜூலையில் தங்கராசு மகள் வந்தாள். பழிவாங்கப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. பக்கத்தில் எட்டு வயசுப் பெண், சீருடை, இரட்டைச் சடை. மார்பில் மிஷின் பை இல்லை.

மனுவை வைத்தாள். நான் கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். எனக்கே என் அமைதி ஆச்சரியமாக இருந்தது.

“உங்க ஆர்டர் போன மாசமே ரத்தாயிடுச்சும்மா. பாருங்க. த. எழிலரசி, மேலக்கல்லேரி மாறுதல் ரத்து. சிதம்பரத்துல ஜாயின் பண்ணிட்டதா ரிப்போர்ட்டும் வந்துருச்சு.”

அவள் குனிந்து படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி மெதுவாகப் படித்தாள். “நான் மேலக்கல்லேரியிலதானே சார் இருக்கேன். இன்னிக்கிக் காலையில அங்கேருந்துதானே வர்றேன்.”

“பேப்பர் படி நீங்க திரும்ப வந்தாச்சும்மா. ஒரு ஆர்டர ரெண்டு தடவ ரத்து பண்ண முடியாது.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் ஆணையில் ‘த’ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து, அதை விட்டு எடுக்காமல் கேட்டாள்: “சார், அன்னிக்கு லிஸ்ட்டுல இருந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க. நான் வேற எதுவும் கேக்கல.”

தெரியும் என்று ஒரு வார்த்தை. அவளுக்கு அதனால் ஒரு பஸ்கூட மிச்சமாகாது. இருந்தாலும் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“லிஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாதும்மா” என்றேன்.

சொன்ன உடனே என் கழுத்து தானாகக் குழந்தையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்து வருஷம் முன்னால் பட்ட அந்தப் பிசுபிசுப்பான கை மறுபடி வரும் என்று நினைத்தேனோ என்னவோ. வந்தால் இந்தத் தடவை கண்டுபிடித்துவிடும் என்று பயந்தேனோ என்னவோ. என் வாய் அசைந்ததையும் நான் சாய்ந்ததையும் அந்தப் பெண் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேசை மேலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஒரு தடவை குத்திப் பார்த்தாள். மை பதிந்ததா என்று கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொண்டையத் தொடுறத விட்டுட்டா சார்” என்றாள் தாய். “யாரு பேசுறதும் இப்ப அவளுக்குத் தேவப்படல.”

மகளின் கையிலிருந்து ஸ்டாம்பை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். திட்டக்குடியிலிருந்து கடைசி மினி பஸ் ஆறு மணிக்கு, அதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். வாசலில் மாரியம்மாள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, முந்தானையால் மையைத் துடைக்கப் பார்த்தாள். போகவில்லை.

நான் மனுவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: ‘மனுதாரருக்கு ஏற்கனவே மாறுதல் வழங்கப்பட்டுள்ளது. கோப்பில் சேர்க்க.’